கயிற்றால் கட்டிய மேடு

பூங்கரை நாட்டு ராஜா திருமாறனுக்குப் புலியைக் கண்டால் பயமில்லை, பகைவனைக் கண்டாலும் பயமில்லை. மழையைக் கண்டால் மட்டும் பயம். காரணம், அரண்மனைக்குப் பின்னால் இருந்த செம்மண் மேடு. மழை கொஞ்சம் வலுத்தால் போதும், மேடு கரைந்து அரண்மனை அடுக்களைக்குள் வந்துவிடும். அடிவாரத்தில் இருந்த குயவர் தெருவுக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே வீடே போய்விடும்.

தலைமைக் கல்தச்சர் வச்சிரநாதர் அங்கே இரண்டு முறை மதில் எழுப்பினார். இரண்டு முறையும் மழைத் தண்ணீர் மதிலுக்குப் பின்னால் தேங்கி, அதை அப்படியே தள்ளிச் சாய்த்துவிட்டது. அவர் அசரவில்லை.

"இன்னும் பெரிய மதிலாகக் கட்ட வேண்டும், அரசே. அதற்கு இடம் போதாது. குயவர் தெருவைக் காலி செய்யச் சொல்லுங்கள்" என்றார் சபையில்.

ராஜாவுக்கு ஆலோசனை சொல்ல குழலி என்று ஒருத்தி இருந்தாள். நாக்குக் கொஞ்சம் நீளம். அவள் கேட்டாள்: "அரசே, அந்த இரண்டும் விழுந்தது சின்னதாக இருந்ததாலா, மதிலாக இருந்ததாலா?"

சபை சிரித்தது. வச்சிரநாதரின் முகம் சிவந்தது.

"அம்மணிக்கு இவ்வளவு தெரிகிறதே, அவரே கட்டட்டும், அரசே. ஆனால் என் பொறுப்பில் இருக்கும் கல், செங்கல், சுண்ணாம்பு எதையும் தொடக்கூடாது."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "குழலி, மழைக்கு முன்னால் நீயே கட்டு. கல் கிடையாது. மேடு சரிந்தால் தெரு வச்சிரநாதருக்கு. உனக்கும் இந்தச் சபையில் இடமில்லை."

"கட்டு என்பதுதானே உத்தரவு, அரசே?"

"அதுதான்."

"கட்டிவிடுகிறேன்."

குழலி நேராகக் கடற்கரை ஊர்களுக்குப் போனாள். அங்கே தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். மீன்வலை மாதிரி, ஆனால் தடித்த கயிற்றில் அகலமாக வலை பின்னித் தரச் சொன்னாள். வண்டி வண்டியாக வலை வந்தது. குயவர் தெருவே திரண்டு அதை மேட்டின்மேல் விரித்து, மர முளை அடித்து இறுக்கியது. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஆழமாக வேர்விடும் வெட்டிவேர்ப் புல்லின் நாற்றை நட்டார்கள்.

குயவர் தெருச் சடைச்சிக்கு ஒரு சந்தேகம். "அம்மா, இது நார்க்கயிறு. நாளானால் மக்கிப்போகுமே?"

"போகட்டும்" என்றாள் குழலி.

சடைச்சிக்கு அந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வச்சிரநாதர் ராஜாவைக் கையோடு அழைத்து வந்து காட்டினார். "பாருங்கள், அரசே. கட்டச் சொன்னால், மாட்டைக் கட்டுவதுபோல் மேட்டைக் கட்டிவைத்திருக்கிறார்."

"மதில் கட்டு என்று அரசர் சொல்லவில்லையே. கட்டு என்றார். கட்டினேன்" என்றாள் குழலி.

ராஜா மீசைக்குள் சிரித்தார். "மழை வந்து தீர்ப்புச் சொல்லட்டும்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழலி தாழங்குடையோடு அடிவாரத்தில் நின்றாள். அன்று அவள் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. ஆனால் மேட்டின் உச்சியிலிருந்து பாய்ந்து வந்த தண்ணீர், வலையில் தடுக்கித் தடுக்கி வேகம் குறைந்து, பாதி மண்ணுக்குள் இறங்கி, மீதி தெளிவாக வழிந்தது. மண் நகரவில்லை. அரண்மனைச் சமையல்காரர் பழக்க தோஷத்தில் மண்வெட்டியோடு காத்திருந்து ஏமாந்தார்.

வச்சிரநாதரும் காத்திருந்தார். அடுத்தடுத்த மழைக்காலங்கள் போயின. ஒருநாள் கை நிறையக் கறுத்து மக்கிய நாரை அள்ளிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"அரசே, குழலி அம்மணி கட்டிய கட்டு இதுதான். தொட்டால் உதிர்கிறது. மேடு இப்போது அவிழ்த்துவிட்ட மாடு. உத்தரவை மீறியாயிற்று."

ராஜா பதறிப்போய் மேட்டுக்கு விரைந்தார். சபையும் பின்னால் ஓடியது. வலையைத் தேடினார்கள். வலை இல்லை. இடுப்பளவுக்குப் புல் அடர்ந்து நின்றது.

"குழலி, கட்டு எங்கே?"

"அவிழ்ந்துவிட்டது, அரசே. மேடு ஓடிவிடும் என்று அவர் பயப்படுகிறார். ஒரே ஒரு புல் தூரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்களேன்."

வச்சிரநாதர் குனிந்தார். ஒரு கையால் இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். மலைக்கல்லைப் புரட்டிய கை அது. கடைசியில் புல்லின் நுனி மட்டும் அவர் கையோடு வந்தது. அவர் பொத்தென்று உட்கார்ந்தார். தூர் அசையவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் விடாமல் கேட்டார்: "புல் இருக்கட்டும், அம்மணி. நீங்கள் கட்டிய கயிறு எங்கே போயிற்று? அதற்குப் பதில் சொல்லுங்கள்."

குழலி கைகூப்பினாள்.

"மேடும் வேரும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ரொம்ப நாளாயிற்று, ஐயா. கல்யாணம் முடிந்த வீட்டில் தரகர் இன்னும் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வச்சிரநாதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புல்லைத் தட்டிவிட்டு எழுந்தார். குயவர் தெரு குயவர்களுக்கே என்று ராஜா அங்கேயே அறிவித்தார்.

"உனக்கு என்ன வேண்டும், குழலி?"

"அந்தத் தெருவுக்கு ஒரு கிணறு, அரசே. உள்சுவரைக் கல்லில்தான் எழுப்ப வேண்டும். அதில் வச்சிரநாதரை மிஞ்ச ஆளில்லை."