உயிரோடிருந்த பாகவதருக்கு ஒரு சரமகவி

முன்னொரு காலத்தில், காக்கைகூடச் சுருதி பிசகாமல் கரைந்த ஒரு தேசத்தில், பாட்டுப் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் காக்கையையே கேட்டுக்கொள்ளலாம்.

அவர் அவையில் குழைக்காதன் என்றொரு விகடகவி. பாட்டும் மெட்டும் அவனே கட்டுவான். ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது ராஜா அவன் பாட்டை முணுமுணுத்துவிட்டார். உடனே விசாரம் பிடித்துக்கொண்டது. கலாமன்றத்தில் ஆசனம் இல்லாதவன் பாட்டை ஓர் அரசன் பாடலாமா?

"குழைக்காதா, மன்றத்துக்கு ஓலை எழுதி இடம் கேள். பௌர்ணமிக்குள் கிடைக்காவிட்டால் உன் பாட்டு இனி இந்த அரண்மனையில் ஒலிக்கக் கூடாது" என்றார்.

பாட்டை நிறுத்து என்பதும் மூச்சை நிறுத்து என்பதும் அவனுக்கு ஒன்றுதான். அன்றே எழுதினான்: "ஐயன்மீர், அடியேன் பாட்டை மாடு மேய்ப்பவர் முதல் மகாராஜா வரை பாடுகிறார்கள். மாடுகள் மட்டும் இன்னும் அபிப்பிராயம் சொல்லவில்லை. ஓர் ஆசனம் தந்து ஆதரிக்க வேண்டும்."

மன்றத் தலைவர் பஞ்சாபகேச பாகவதர். குளிக்கும்போது ராஜா தம் பாட்டைப் பாடவில்லையே என்று அவருக்குப் புகைச்சல். பதில் அனுப்பினார்: "ஆசனம் பன்னிரண்டிலும் ஆள் உண்டு. ஆசனத்தை விட்டுப் போனவர்மேல் சரமகவி பாடி, அவையை அழவைப்பவனே அதில் அமரலாம் என்பது விதி. காத்திரு."

சரமகவி என்றால் செத்தவர்மேல் பாடும் இரங்கற்பாட்டு. பன்னிரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

குழைக்காதன் மறுஓலை விட்டான்: "தலைவர்மேல் முகாரியில் சரமகவி கட்டி வைத்துவிட்டேன். இனித் தங்கள் சௌகரியம்."

பௌர்ணமியன்று மன்றம் கூடியது. ராஜாவும் வந்திருந்தார். பாகவதர் ஆசனத்தில் இருந்தபடியே ஓலையை ஆட்டினார்.

"மகாராஜா! இவன் என்னைச் சாகச் சொல்கிறான்!"

"பாட்டு தயார் என்றுதானே எழுதினேன், அரசே? நன்றாக வேறு வந்திருக்கிறது."

பாகவதர் சற்றே தணிந்தார். "நன்றாக என்றால்? என்ன எழுதித் தொலைத்தாய்?"

"'இனி யார் பாடக் கேட்பேன் என்று தும்புருவே தேம்புகிறார்' என்பது பல்லவி."

"தேவலோகப் பாடகர் தும்புருவா!" பாகவதர் ஆசனத்தின் நுனிக்கு நகர்ந்தார். "சரணம்?"

"மன்னிக்க வேண்டும். ஆசனத்தில் இருப்பவரைப் பாட விதி இல்லை. 'ஆசனத்தை விட்டுப் போனவர்' என்றுதான் இருக்கிறது. உயிரை விட்டவர் என்று இல்லை, அது வேறு விஷயம்."

பாகவதர் இப்படியும் அப்படியும் பார்த்தார். சரணம் கேட்காமல் இரவு தூக்கம் வராது. எழுந்துபோய்த் தூண் ஓரமாக நின்றார். "இதோ, போய்விட்டேன். பாடப்பா!"

குழைக்காதன் பாடினான். அவை விம்மியது. பாகவதர் தூணைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, எப்பேர்ப்பட்ட மனுஷர்! இப்படிப் போய்விட்டாரே!" என்று கதறினார்.

பாட்டு முடிந்தது. குழைக்காதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலி ஆசனத்தில் போய் அமர்ந்தான்.

"அடேய், அது என் இடம்!"

"அரசே, போனவர் பேசுகிறார். சபைக்கு ஆகாது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. குழைக்காதன் கையில் தங்கத் தோடா பூட்டினார். பாகவதரின் முகத்தைப் பார்த்து இரங்கி, பதின்மூன்றாவதாக ஓர் ஆசனமும் போடச் சொன்னார்.

புது ஆசனத்துக்கு முன்னவர் கிடையாதே, யார்மேல் சரமகவி பாடுவது? பாகவதர் யோசிக்கவே இல்லை. தம் சரமகவியையே எடுத்து, ஒவ்வோர் அடியையும் விதவிதமாக விரித்து நிரவல் செய்து, மூன்று நாழிகை பாடினார். அன்றும் அதிகம் அழுதது அவர்தானாம்.