ஏற்காடு மலையில் கொதித்த கார்

பழைய கார்களின் ஊர்வலம் ஏற்காடு மலையேறிய அன்று, மில் முதலாளி மார்த்தாண்டத்தின் கார் போட்ட சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கணும்! 'கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்!' கொண்டை ஊசி வளைவில் நின்றே போச்சு. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்தது. அந்தச் சூட்டில் பெட்ரோலும் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது.

"டேய் செங்கோடா!" முதலாளி குரல் யானை தும்மினாப்போல இருக்கும். "வண்டி உச்சிக்குப் போகலைன்னா உனக்கு வேலை கிடையாது. என் பேர்ப் பலகையை மட்டும் தொட்டே, தொலைச்சிடுவேன்!"

டிரைவர் செங்கோடனுக்கு வண்டியின் நோய் தெரிந்துபோச்சு. 'கொடைவள்ளல், தொழில் திலகம்' என்று அத்தனை பட்டமும் எழுதிய கதவு அகலப் பலகை முன்னால் தொங்கி, காத்து புகவேண்டிய ரேடியேட்டரை முழுசா மூடியிருந்தது.

"தொடமாட்டேனுங்க. மனசுதான் கேக்கலைங்க," என்று குழைந்தான். "எதிரே வர்றவன் பாதி படிக்கிறதுக்குள்ள தாண்டிடறான். பின்னால வர்ற காருங்கதான் உச்சி வரைக்கும் நம்மளையே பாத்துட்டு வருது. அவங்களுக்குத் தெரியறது வெறும் ஸ்டெப்னிதானுங்க!"

முதலாளியின் மீசை துடித்தது. "மடையா, முன்னாடியே சொல்றதுக்கென்ன? கழட்டிப் பின்னால மாட்டு!"

சூடு தணிந்ததும் செங்கோடன் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினான். கார் பாடிக்கொண்டே ஏறியது.

உச்சியில் விழாத் தலைவர் செங்கோடனிடம் கேட்டார்: "வளைவுல கொதிச்சு நின்ன வண்டி எப்படிப்பா சரியாச்சு?"

"ஐயாவோட பெருமை காத்தை மறிச்சுட்டு நின்னுச்சுங்க. ஐயாவே அதைப் பின்னால அனுப்பிட்டாருங்க."

கூட்டமே குலுங்கிச் சிரித்தது. மார்த்தாண்டம் நெஞ்சை நிமிர்த்தினார்: "ஆமாமா! யோசனை என்னுதுதான்!"