கோதண்டபாணியின் இன்ட்

"நாலாவது தடவையா திருப்பி அனுப்பிட்டீங்க மேடம்," என்றார் கோதண்டபாணி. "டெஸ்ட் எல்லாம் பாஸ். வேகமும் குறையல. கோடுல ஒரு டைப்போட வெறும் பேருக்காக ஒரு மனுஷனை இப்படியா அலைய விடுவீங்க?"

கோதண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருஷம் பெரிய சர்வர்களுக்கு புரோகிராம் கோடு எழுதிவிட்டு, அந்தக் கோடைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலர் வேலை கற்க ஆசைப்பட்டு வந்தவர். கற்றுக்கொடுக்கிற பெனினாளுக்கு முப்பத்தொன்று. வயசைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. நம்ம ஆளும் முதல் வாரம் ஏமாந்தார்.

இப்போது அவர் எழுதியிருப்பது வகுத்தல். சின்ன சிப்புகளுக்குத் தானாக வகுக்க வராது, கம்பைலரோடு வருகிற ரன்டைம் என்ற உதவிக் கோடுதான் செய்து கொடுக்கணும். சாயங்காலத்துக்குள் பெனினாள் சரி சொல்லி அது கம்பைலருக்குள்ளே போகாவிட்டால் கோதண்டபாணி பழைய டீமுக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"முழு எண்ணுக்கு என்ன டைப் குடுத்திருக்கீங்க?"

"இன்ட்."

"அது எத்தனை பிட் இடம் பிடிக்கும்?"

"முப்பத்திரண்டு. பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"நாங்க பிட்டையும் பேருலயே சேர்த்து இன்ட்32ன்னு எழுதுவோம்."

"அதான் தெரிஞ்ச விஷயமாச்சே மேடம். எதுக்கு வளவளன்னு?"

பெனினாள் வாதாடவில்லை. அது அவர் வழக்கமும் இல்லை. சோதனை மேஜையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுகிற பம்ப்.

"உங்க வகுத்தலைத்தான் இதுல ஏத்தியிருக்கேன். எவ்வளவு மருந்து போகணும்னு அதுதான் கணக்குப் போடும்."

"சந்தோஷம்."

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க சார். வெறும் சலைன்தான்."

கோதண்டபாணி சிரித்துக்கொண்டே மடித்தார். தன் கோடு மேல் அவ்வளவு நம்பிக்கை. பெனினாள் முழங்கைக்கு உள்பக்கம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். ஊசியின் மூடியைக் கழற்றினார்.

சிரிப்பு நின்றது.

"மேடம், இது எந்த சிப்?"

"ரொம்பச் சின்னது."

"சின்னதுன்னா?"

"சில சிப்புல இன்ட்டுனா முப்பத்திரண்டு பிட். சிலதுல பதினாறுதான். பதினாறுல கொள்ளாத எண் வந்தா, அது வேற எண்ணா மாறிடும்."

"இதுல எத்தனை?"

"எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

கோதண்டபாணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். மடித்த கையை அசைக்காமல், இன்னொரு கையால் மேலிருந்து கீழ்வரை படித்தார். திரும்பவும் படித்தார். இன்ட், இன்ட், இன்ட். இருபத்து மூன்று இடத்தில் இன்ட்.

அவருக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"எத்தனை பிட்னு இதுல எங்கயும் எழுதலையே மேடம்."

"மணி நாலாச்சு சார். சரின்னு சொல்லி இப்படியே உள்ளே அனுப்பிடவா?"

"வேண்டாம். முழுசா ஒரு தடவை பார்க்கணும். நாளைக்கு ஆகும்."

"பழைய டீமுக்கு அனுப்பிருவாங்களே?"

"அனுப்பட்டும்."

பெனினாள் ஊசிக்கு மூடி போட்டார்.

"உங்களை அனுப்ப நான் விட மாட்டேன் சார்," என்றார்.