வெள்ளை அரிசியில் வெள்ளைப் புழு

அப்பாண்டைராஜன் ஓய்வு பெறும்வரை வேட்டி ஆலையில் வெள்ளைத் துணியில் கறை தேடியவர். விரதம் ஏற்கும் எண்ணத்தோடு சமண மடத்துக்கு வந்தவர், அரிசியில் புழு பார்க்கும் வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். தம் கண்ணின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மடத்தின் தலைவி சுமதி மாதாஜி வயதில் அவருக்கு மிக இளையவர். நாளுக்கு ஒரே வேளைதான் உணவு. சோற்றில் செத்த புழு தென்பட்டால் கையை விலக்கி எழுந்துவிடுவார். மறுநாள்வரை தண்ணீரும் கிடையாது. நேற்று அப்படித்தான் எழுந்தார். முந்தாநாளும்.

"புழு வேட்டி கட்டி வந்தால்தான் ஐயா கண்ணில் படும்போல," என்றாள் சமையல் பத்மாவதி.

இன்று காலை கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவர், மாதாஜியைக் கண்டதும் எழுந்தார்.

"எனக்குக் கண் போய்விட்டது, மாதாஜி. இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். இன்றும் நீங்கள் பட்டினி கிடந்தால் நான் தாங்கமாட்டேன்."

"உட்காருங்கள். பாருங்கள்." மாதாஜி அவருக்கு வலப்புறம், சற்றுத் தள்ளி நின்றார்.

அப்பாண்டைராஜன் குனிந்தார். ஒரு புழு. இறகால் ஏந்தித் தவிட்டுச் சட்டியில் விட்டார். உடனே இன்னொன்று.

"எல்லாம் உங்கள் அருள்."

"அப்படியா?" மாதாஜி அவர் முதுகுப்பக்கம் நகர்ந்தார்.

அரிசி மறுபடி வெறும் அரிசியானது. துழாவித் துழாவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

மாதாஜி வலப்புறம் திரும்பி வந்தார். இத்தனை நேரம் அவர் உற்றுப் பார்த்த அதே இடத்தில் ஒரு புழு நெளிந்தது.

"அருளேதான், மாதாஜி."

"அருளுக்கு வலது இடது உண்டா? எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது, பாருங்கள்."

எட்டிப் பார்த்தார். மாதாஜி மறைத்து நின்ற சுவரில் தீர்த்தங்கரர் படம். அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக அணைந்து அணைந்து எரியும் சீரியல் பல்புகள். மூன்று நாளைக்கு முன் அவரே வாங்கி மாட்டியவை. கீழே அட்டையில் உபயம் என்று அவர் பெயர்.

"அதுவா? ஓரத்தில் அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. என் பார்வை முழுக்க முறத்தில் அல்லவா இருந்தது?" அவர் குரலில் கொஞ்சம் ரோஷம். "உட்கார்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, மாதாஜி."

"பார்த்திருந்தால் அணைத்திருப்பீர்கள்," என்றார் மாதாஜி.