நஞ்சு நிற்கும் இடம்

கழிமங்கலத்தில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்று வாழ்ந்தவர் மாசிலார். காலையில் காளவாயை மூட்டிவிட்டு, சுண்ணாம்பு அரித்த கைகளைக் கழுவிக்கொண்டு, நஞ்சுண்ட நாதர் வீதியுலாவின் முன்னே உடுக்கை வாசிப்பார்.

பாட்டு அவருக்கு வராது. உடுக்கையே கதை சொல்லும். கடல் கடைகிற உறுமல் எழும், பாம்பு சீறும், நஞ்சு கொதித்துப் பொங்கும். ஈசன் அதை விழுங்க, உமையம்மை அவர் கழுத்தைப் பற்றும் இடம் வந்ததும் மாசிலாரின் கை நின்றுவிடும். கண்ணில் நீர் தேங்கும். பிறகே மறுபடி ஒலிக்கும்.

உடுக்கை ஒலித்தால்தான் பல்லக்கு நகரும், நின்றால் நிற்கும். அவ்வூர் வழக்கம் அது.

கோயிலுக்குப் புதிய அதிகாரியாக வீரபல்லவரையர் வந்தார். அவருடைய பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் உலை அரிசி வெந்துவிடும். தம் மாளிகை வாசலில் சுவாமி நின்று தமக்கு மாலை மரியாதை தரவேண்டும் என்று பந்தல் போட்டுக் காத்திருந்தார். சுவாமியோ, உடுக்கை நின்ற காளவாய் முனையில் நின்றார். மாளிகையை விறுவிறுவென்று கடந்துபோனார்.

“யோவ் சுண்ணாம்பு! அங்க ஏன்யா கை நின்னுச்சு? மறந்துபோச்சா?”

“சாமி கழுத்துல நஞ்சு நிக்குதுங்க. நான் தட்டினா உள்ள இறங்கிடுமே.”

“ஓகோ, சாமி உசுரே உன் கையிலயா? நாளைக்கு நிறுத்தாம வாசி. நிறுத்தினா உடுக்கையப் பிடுங்கிடுவேன். இந்த ஜென்மத்துல நீ சாமி முன்னால வாசிக்க முடியாது.”

வீட்டில் மனைவியார் சோலையம்மை கெஞ்சினார். “அந்த இடத்துல லேசா ஒரு தட்டு தட்டிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“விழுங்கினவருக்குத் தெரியுமே, புள்ள.”

மறுநாள் கடல் உறுமியது, நஞ்சு பொங்கியது. அந்த இடம் வந்தது. இனி இந்த முகத்தின் முன் வாசிக்க முடியாது என்று மாசிலாருக்குத் தெரியும். ஆனாலும் விரல்கள் நின்றன.

பல்லவரையர் உடுக்கையைப் பறித்தார். “ம், தூக்குங்கடா!”

தூக்குவோர் முக்கினார்கள், பல்லக்கு அசையவில்லை. அதிகாரியே தோள் கொடுத்தார், தலைப்பாகைதான் நகர்ந்தது. பறித்த உடுக்கையைத் தாமே தட்டிப் பார்த்தார். களிமண்ணைத் தட்டியதுபோல் ‘தப்’பென்றது. ஊர் மரியாதையாகத் தலைகுனிந்து சிரித்தது.

மாசிலார் வெறுங்கையோடு சுவாமியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பல்லக்கின் உள்ளே, சுவாமியின் ஐம்பொன் திருக்கரத்தில் இருந்த உடுக்கை ஒலித்தது. மாசிலார் விட்ட இடத்திலிருந்து, அவர் வாசிப்பதைப் போலவே. பல்லக்கு பூவாய் எழுந்தது. பல்லவரையர் உடுக்கையை மாசிலாரின் கையில் வைத்தார்.

தட்டியும் தொழுது, தட்டாமலும் தொழுத மாசிலாரின் சுண்ணாம்புக் கைகள் நம் தலைமேல் இருக்கட்டும்.