ஸ்டார் தொங்குற வீடு

கொக்கடிச்சான்குளத்துக்காரர்கள் மொத்தத்தில் நல்லவர்கள். அதிலும் கிழக்குத் தெருவில் இருக்கும் தொம்மை, இன்னாசி, சந்தியாகு என்ற மூன்று அண்ணன் தம்பிகளைப் போலச் சொன்ன பேச்சுக் கேட்கிற ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

இவர்களுக்கு ஒரே தங்கை, ஞானப்பூ. அந்த வீட்டுக்கென்று வைத்திருந்த மூளை முழுவதையும் கடைசியில் பிறந்த அவளே வாரிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு. பாவம், இருபத்தேழு வயதாகிவிட்டது. இரண்டு சம்பந்தம் கிட்ட வந்து தட்டிப் போயிற்று. முதல் தடவை, பெண் பார்க்க வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கச் சொன்னாள். மூன்று பேரும் வாசலில் தோளோடு தோள் சேர நின்று கும்பிட்டார்கள். நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் உள்ளே நுழைய இடுக்குக் கிடைக்காமல் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை, மாப்பிள்ளையைப் பற்றி நன்றாக விசாரிக்கச் சொன்னாள். விசாரணை என்றால் எங்கே நடக்கும்? நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அந்தப் பையன் மறுநாள் ஸ்டேஷனில் போய்த் தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இப்போது மூன்றாவது இடம். பையன் பெயர் ஆன்றோ. ஞானப்பூ போட்டோவில்தான் பார்த்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தான், கையில் பேனா இருந்தது. மூளையுள்ள வீடு என்று அவளுக்குப் பட்டது. எப்பாடு பட்டாவது இந்த மூன்று பேரிடமிருந்து தப்பித்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாள்.

பையனின் அப்பா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் சரி. வழி கேட்டதற்கு, ஸ்டார் தொங்குகிற வீடு என்று தொம்மை தகவல் அனுப்பியிருந்தார். டிசம்பர் மாதத்தில் அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீட்டிலும் ஸ்டார் தொங்கும். இது ஞானப்பூவுக்குத் தெரியவந்தபோது ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

பாட்டுக் குழுப் பயிற்சிக்காக அவள் மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது அண்ணன்மாரை நிற்கவைத்துச் சொன்னாள்: "புது ஸ்டாரு பெட்டில இருக்கு. பெட்டில போட்டிருக்கபடி மாட்டி எரிய விடுங்க. யாரு வந்தாலும் மரியாதையா உள்ள கூப்பிட்டு உட்கார வைங்க. யாரு, என்ன, எங்கேருந்து வாறீங்கன்னு ஒத்த வார்த்தை கேக்கப்படாது." மூவரும் தலையாட்டினார்கள்.

மற்ற வீட்டுக்காரர்கள் பெட்டியைப் படிக்காமலேயே ஸ்டாரை மாட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் படித்தார்கள். 'வெளியிடத்தில் மட்டும் பயன்படுத்தவும்' என்று போட்டிருந்தது. ஸ்டாரை வாசலுக்கு மேலே பிடித்துப் பார்த்தார்கள். அது வெளியேதான் இருந்தது. ஆனால் அதன் ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று, ஒயர் நுனியில் இருந்த பிளக்கை முன்னறைச் சுவரில் மாட்ட வேண்டியிருந்தது.

"பிளக்கும் ஸ்டாரோட சேர்த்திதான?" என்று சந்தியாகு கேட்டான்.

"சேர்த்திதான். அப்ப அதுவும் வெளியிலதான் இருக்கணும்" என்றான் இன்னாசி.

தொம்மை மூத்தவர், அதனால் நிதானமாக யோசித்தார். பிளக்கை வெளியே கொண்டுபோக முடியாது. அப்படியானால் முன்னறையைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். மூன்று பேரும் கூரையில் ஏறி முன்னறைக்கு மேலே இருந்த ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

பாதி பிரித்திருப்பார்கள், பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தார். பெயர் வியாகுலம். ஆன்றோவின் அப்பா இவர்தான், வேறு யார்? பெண் வீட்டுக்காரர்கள் பெயரை மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். அவரும் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினார். மகனுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் காரியம் முடிந்ததும் போன் பண்ணுங்கள் என்றுதான் மகன் சொல்லியிருந்தான். காரியம் இன்னும் முடியவில்லையே.

"தம்பி, இங்க ஸ்டார் தொங்குற வீடு எது?" என்று கீழேயிருந்து கேட்டார்.

ஸ்டார் அப்போது இன்னாசியின் மடியில் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். தொங்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமே என்று தெருவில் உள்ள மற்ற நாற்பத்தியொரு வீட்டையும் ஒவ்வொன்றாகக் கைகாட்டினார்கள். அவரும் நன்றி சொல்லிவிட்டு முதல் வீட்டிலிருந்து தொடங்கினார்.

கொக்கடிச்சான்குளத்தில் வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. நாற்பத்தியொரு வீட்டிலும் கேக்கோ முந்திரிக்கொத்தோ அச்சுமுறுக்கோ கொடுத்தார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டு, கொடுத்ததைத் தின்றுவிட்டு மனிதர் மெல்லமெல்ல நகர்ந்தார். திரும்பி வந்தபோது நடை தள்ளாடியது. பிரித்துப்போட்ட ஓட்டுக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் ஓடு முழுவதும் இறங்கிவிட்டது. ஆனால் அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு தகராறு. சுவர் நாலும் நிற்கும்போது அதை வெளியிடம் என்று எப்படிச் சொல்வது என்று சந்தியாகு மடக்கினான். சுவரையும் இடித்துவிடலாமா என்று இன்னாசி கடப்பாரையைத் தேடினான்.

வியாகுலம் எழுந்து முன்னறைக்குள் எட்டிப் பார்த்து, தலையை அண்ணாந்து, கொஞ்ச நேரம் யோசித்தார். "வானம் தெரியுதுல்லா? அப்ப வெளியதான். சுவரு என்னய்யா செய்யும்?"

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தங்களைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரை அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். ஸ்டாரை வாசலுக்கு மேலே கட்டி, பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டதும் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது. நாலு பேரும் கைதட்டினார்கள்.

"இப்பத் தொங்குது. அப்ப நான் தேடி வந்த வீடு இதுதான்" என்றார் வியாகுலம்.

இன்னாசிக்குச் சந்தேகம் வந்தது. இவர்தான் அவரா? ஆனால் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், அதைச் செய்வோம் என்றார் தொம்மை. முன்னறை வெளியாகிவிட்டதால் அங்கே உட்கார வைத்தால் வெளியே உட்கார வைத்த மாதிரி ஆகும். ஆகவே மரியாதையாகக் கூட்டிக்கொண்டுபோய் அடுப்படியில், அம்மிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

ஆறு மணிக்கு ஞானப்பூ வந்தாள். தெரு முனையிலேயே ஓட்டுக் குவியல் தெரிந்தது. கூரையில்லாத முன்னறையைக் கடந்து அடுப்படிக்குள் போனால், கரி படிந்த வேட்டியோடு சம்பந்தி அம்மிக்கல்மேல் சாய்ந்திருக்கிறார். இதுவும் போச்சு, இனி ஆயுசுக்கும் இந்த மூன்று பேரோடுதான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, மன்னிச்சிருங்க. எங்க அண்ணன்மாரு…" என்று ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா அழுத? தெருவுல நாப்பத்தியொரு வீடு பாத்துட்டேன். பெட்டியில போட்டதைப் படிச்சு நடக்குற வீடு இது ஒண்ணுதான். எனக்குப் பூரண சம்மதம்."

ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பரவாயில்லை, அப்பா எப்படி இருந்தால் என்ன, கட்டிக்கொள்ளப் போவது மகனைத்தானே, அவன் கண்ணாடி போட்டவன், பேனா வைத்திருக்கிறவன் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நெஞ்சில் கொஞ்சம் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது.

காரியம் முடிந்துவிட்டதால் வியாகுலம் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே ஆன்றோ, எல்லாம் பேசி முடிஞ்சாச்சு. வரும்போது நானும் ஒரு ஸ்டார் வாங்கிட்டு வாறேன். நீ அதுக்குள்ள நம்ம வீட்டு ஓட்டைப் பிரிச்சு வை."

ஞானப்பூ போனுக்குக் கிட்டே நகர்ந்து காதைக் கொடுத்தாள்.

"சரிப்பா," என்றான் ஆன்றோ. "ஆனா நம்மது கான்கிரீட்டாச்சே. எந்தப் பக்கமிருந்து உடைக்கட்டும்?"