கருந்துளையில் ஒரு கால்

"ஒரு புத்தகத்தைப் பற்றி நாள் பூரா பேச வேண்டுமென்றால் அதைப் படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டாலோ..." என்று என் தாய்மாமா ஒரு கல்யாணப் பந்தியில் பேசிக்கொண்டிருந்தார். படித்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நினைவில்லை. அதற்குள் ரசம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் வல்லபராயர் அரண்மனையில் நடந்த கதையும் கூடவே வந்துவிடும்.

வல்லபராயர் மேலச்செங்குடியை ஆண்டவர். கோட்டை, அகழி, யானைப்படை, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் அவரிடம் இருந்தன. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி எப்படி என்று கேட்பீர்கள். அகழியில் முதலை எப்படி வந்தது என்று மட்டும் கேட்க மாட்டீர்கள்.

அந்தப் பெட்டியில் 'விண்படகு' என்று ஒரு தொடர் வந்தது. தளபதி இளவழுதி ஒரு படகில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ச் சண்டை போடுவார். மன்னர் அதில் உயிரையே வைத்திருந்தார். ஒருநாள் இளவழுதி ஒரு காலைக் கருந்துளைக்குள் வைத்தார். அத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். மன்னருக்கு நான்கு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு கார்மேகப் புலவரை அழைத்து, மீதிக் கதையை நாவலாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

புலவர் எழுதிக் கொண்டுவந்தார். அரசருக்கு வரும் புதுச் சுவடியைப் பட்டில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, சபை நடுவே பீடத்தில் வைத்துவிட வேண்டும். ஜோசியர் நாள் குறித்த பிறகு மன்னர்தான் முதலில் பிரிக்க வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஜோசியர் அப்போது மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார்.

அவர் வருவதற்குள் வாசகர் கருத்துகள் வந்துவிட்டன. தொடரில் மேல்நோக்கி இருந்த தளபதியின் மீசை நாவலில் தொங்குகிறது என்றார் சேனாதிபதி. யானையே இல்லாமல் ஒரு போர்க்கதையா என்று பாகன்கள் வருத்தப்பட்டார்கள். அந்தப்புரத்தில், முதல் பாதி பரவாயில்லை, பின்பாதி இழுவை என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் தானாதிபதி திரியம்பகர் எழுந்தார். அந்த நாவலை எழுதும் வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கித் தரப் பார்த்து முடியாமல் போனவர் அவர். புலவர் தளபதியைக் கொன்றுவிட்டார் என்றும், ஊரே அழுகிறது என்றும் சொன்னார்.

மன்னர் முகம் கறுத்துப்போயிற்று. இளவழுதியைக் கொன்ற கை எந்தக் கையானாலும் அதற்குரிய ஆளைக் கவண்பொறியில் வைத்துக் கருந்துளைக்கே எறியுங்கள் என்று ஆணையிட்டார். கருந்துளை எந்தத் திசை என்று யாருக்கும் தெரியவில்லை. கிழக்கு என்று வைத்துக்கொண்டார்கள். கிழக்கே முதலை அகழி இருந்தது.

புலவர் மெல்ல விகடகவி நல்லபெருமாள் பக்கம் ஒதுங்கினார்.

"நெசமாவே கொன்னுட்டீரா?" என்று நல்லபெருமாள் காதோடு கேட்டார்.

"ஆமாங்க. கதை அப்படி அமைஞ்சுபோச்சு."

"எந்த இடத்துல?"

"கடைசி ஏட்டுல."

நல்லபெருமாள் தலையைச் சொறிந்தார். பிறகு முன்னால் வந்து, கொலை வழக்கென்றால் கண்ணால் கண்ட சாட்சி வேண்டுமே, அது மகாராஜாவின் தாத்தா போட்ட சட்டமாயிற்றே என்றார்.

"ஊரே பார்த்திருக்கு, ஒரு சாட்சிக்கா பஞ்சம்?" என்றார் திரியம்பகர்.

"தாங்கள் படிச்சீங்களா?"

தாம் படிக்கவில்லை, பணியாரம் பரிமாறும்போது சமையல்காரர் கோலப்பன் சொன்னார் என்றார் திரியம்பகர். கோலப்பனைக் கூப்பிட்டார்கள். அடுப்படியில் உட்கார்ந்து நாவிதர் சடையாண்டி சொன்னதைத்தான் தானும் சொன்னதாக அவர் சொன்னார். சடையாண்டி வந்தார். வந்தவர் மன்னரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் சொன்னா உனக்கு? சொல்லு, பயப்படாதே" என்றார் மன்னர்.

"மகாராஜாதான் சொன்னீங்க. தாடையில சோப்பு போட்டுக்கிட்டிருந்தேன். 'எனக்கென்னவோ தளபதியைக் கொன்னுடுவான்னு தோணுது சடையாண்டி'ன்னீங்க."

நல்லபெருமாள் மெல்லப் பீடத்தைக் காட்டினார். பட்டுத் துணி அப்படியே இருந்தது. அரக்கு முத்திரையில் ஒரு கீறல் இல்லை. சேனாதிபதி தம் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

மன்னருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்தால் அவருக்கு வீம்பும் வரும். ஜோசியரும் வேண்டாம், நாளும் வேண்டாம், நானே படித்துப் பார்க்கிறேன் என்று முத்திரையை உடைத்தார். துணியை உதறினார். நேராகக் கடைசி ஏட்டுக்குக் கையைக் கொண்டுபோனார்.

புலவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாராளமாப் புரட்டுங்க மகாராஜா" என்றார் நல்லபெருமாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். இந்த நிமிஷம் வரைக்கும் தளபதி சாகலை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நல்லா நின்னுக்கிட்டிருக்கார். இனிமே அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது அந்த ஏட்டைப் புரட்டற கையாலதான் ஆகும். எந்தக் கையானாலும்னு ஆணை போட்டாச்சு. கவண்பொறியும் கிழக்கே பார்த்துத் தயாரா நிக்குது."

மன்னர் கை அந்தரத்தில் நின்றது. ஏட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கவண்பொறியைப் பார்த்தார். அகழியில் ஒரு முதலை வாயைத் திறந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் சிரித்தார் பாருங்கள், கிரீடம் சரிந்து மூக்கில் வந்து உட்காரும்வரை சிரித்தார். புலவருக்கு ஒரு சால்வை கிடைத்தது. நல்லபெருமாளுக்கு இரண்டு. கடைசி ஏட்டை யாரும் புரட்டிவிடாமல் காவல் காக்கும் பொறுப்பு திரியம்பகருக்குக் கிடைத்தது.

அந்த நாவலைக் கடைசி ஏட்டுக்கு முந்தைய ஏடு வரை படித்து, பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது என்று மன்னர் முடிவு செய்தார்.